குண்டர் தடுப்புச் சட்டம்

உங்கள் வீட்டில் குண்டர் யாராவது இருக்கிறார்களா?

பதறாதீர்கள். போலீஸ் ஸ்டேஷன் போர்டில் படம் ஒட்டியிருக்குமே, அந்தக் குண்டர் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் இன்னொரு தோசை கேட்கலாமா வேண்டாமா என்று நாலு பக்கமும் பார்க்கிறாரே, அவரைச் சொல்கிறேன். அண்ணனாக இருக்கலாம், சித்தியாக இருக்கலாம், நீங்களாகவே கூட இருக்கலாம்.

1982-ல் நம் மாநிலத்தில் வந்த குண்டர் சட்டத்தில் பிடித்து உள்ளே போட்டால் அதிகபட்சம் 12 மாதம். அப்புறம் வெளியே விட்டாக வேண்டும். ஆனால் நாம் வீட்டுக்கு வீடு நடத்துகிற குண்டர் தடுப்புச் சட்டம் இருக்கிறதே, அதில் ஜாமீனும் இல்லை, விடுதலையும் இல்லை. யார் வேண்டுமானாலும் நீதிபதி. 'உங்க சைஸா? மேல் மாடிக்குப் போங்க' என்று கடை முழுக்கக் கேட்கும்படி கத்துகிற ஜவுளிக்கடைப் பையன் நீதிபதி. ஷேர் ஆட்டோவில் 'சார் ரெண்டு டிக்கெட் கொடுங்க' என்று சிரிக்கிற டிரைவர் நீதிபதி. கல்யாணப் பந்தியில் 'பாயசம் வேண்டாம்ல உங்களுக்கு?' என்று வாளியை நகர்த்திக்கொண்டு போகிறவர் சுப்ரீம் கோர்ட்.

இந்தச் சட்டத்தின் கீழ் எங்கள் குடும்பத்தில் சமீபத்தில் ஒரே மாதத்தில் இரண்டு வழக்குகள் வந்தன. இரண்டுக்கும் தீர்ப்பு சொன்னது ஒரே பெஞ்ச். அதே கூடம், அதே சோபா, அதே அத்தான், அதே பெரியம்மா. சொன்ன தீர்ப்புகளைக் கேட்டால் உங்களுக்கும் என்னைப் போல ரத்தம் கொதிக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் வழக்கு என் அக்கா மகளுடையது. வயது 26. உயரம் 158 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. வாரத்தில் நாலு நாள் ஷட்டில் ஆடுகிறாள். பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் போனில் சொன்னார்களாம்: "பொண்ணு லட்சணமா இருக்கா, கொஞ்சம் பூசினாப்புல இருக்கா, அதான் பையன் யோசிக்கிறான்." மறுநாள் காலையிலேயே அத்தான் ஒரு பேப்பர் விளம்பரத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இப்பல்லாம் ஆபரேஷன் பண்ணிடுதாங்களாம் மாப்ள. மூணே நாள். நகையில பத்து பவுனக் குறைச்சுக்கிட்டா முடிஞ்சுது."

பெஞ்ச் ஏகமனதாகத் தலையாட்டியது. 'காலத்துக்கு ஏத்தாப்புல மாறணும்ல' என்றார் பெரியம்மா.

இரண்டாவது வழக்கு என் அண்ணனுடையது. வயது 52. எடை 124 கிலோ. உயரம் 168 சென்டிமீட்டர். சர்க்கரை வந்து 11 வருஷம். மாத்திரை போதாமல் இன்சுலின். ராத்திரி தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற ஸ்லீப் ஆப்னியா. போன வருஷம் கோவில்பட்டியிலிருந்து சென்னைக்குக் காரில் வரும்போது திண்டிவனம் தாண்டி, பட்டப்பகலில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். வண்டி சென்டர் மீடியனில் உரசி நின்றது. ஹெட்லைட்டோடு போயிற்று. பின் சீட்டில் மூன்றரை வயதுப் பேரன். சர்க்கரை டாக்டரே, 'சார், இனிமே டயட்டை மட்டும் நம்ப வேண்டாம், சர்ஜரி பற்றி யோசியுங்கள்' என்று எழுதிக் கொடுத்தார்.

பெஞ்ச் என்ன சொல்லிற்று தெரியுமா? "நல்லா இருக்குத வயித்தப் போயி அறுப்பாங்களா? ரெண்டு வேளை சோத்தக் குறைச்சாப் போதாதா? எந்திரிச்சு நடந்தா எல்லாம் தானா எறங்கும்." சொன்னது யார்? அதே பெரியம்மா. அதே அத்தான், அதே கத்தரித்த பேப்பரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு!

புரிகிறதா உங்களுக்கு? நோயே இல்லாத பெண்ணுக்கு ஆபரேஷன். உயிர் போகிற நிலையில் இருக்கிற ஆணுக்கு வாக்கிங். அவள் வயிறு மாப்பிள்ளை வீட்டார் கண்ணை உறுத்துகிறது; அதனால் அது அவசர சிகிச்சை. அவர் வயிறு அவரை மட்டும்தானே கொல்கிறது. அதனால் அது சோம்பேறித்தனம்.

'இது உங்க வீட்டுக் கூத்து' என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் வீட்டுக் கூடத்திலும் இதே பெஞ்ச்தான் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் இந்த 'வாயைக் கட்டு' கோஷ்டியை எடுத்துக்கொள்வோம். நானும் 20 வருஷம் இந்தக் கோஷ்டியில் இருந்தவன் என்பதால் இவர்கள் லாஜிக் எனக்கு அத்துப்படி. குண்டாக இருப்பவனுக்கு மன உறுதி இல்லை. மன உறுதி இருந்தால் இளைத்திருப்பான். அவ்வளவுதான்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு என்று மத்திய அரசு எடுக்கிறது. 2015-16-ல் தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயதுப் பெண்களில் 30.9 சதவிகிதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன். 2019-21-ல் அது 40.4 சதவிகிதம். ஆண்கள் 28.2-லிருந்து 37. சொல்லுங்கள், இந்த நாலைந்து வருஷத்தில் தமிழ்நாட்டுப் பெண்களில் பத்து சதவிகிதம் பேருக்குத் திடீரென்று மன உறுதி கழன்று விழுந்துவிட்டதா? மாறியது மனசு இல்லை சார். எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்காரும் வேலை, ராத்திரி பதினோரு மணிக்கும் வாசலில் வந்து மணி அடிக்கிற பரோட்டா, நடப்பதற்கு பிளாட்பாரமே இல்லாத தெரு... பட்டியல் உங்களுக்கே தெரியும்.

என் அண்ணனுக்கு மன உறுதி இல்லை என்று யாராவது இப்போது என்னிடம் சொன்னால் அடிக்கப் போய்விடுவேன். அந்த மனிதர் 1998-லிருந்து டயட்டில் இருக்கிறார். தேனும் எலுமிச்சையும் குடித்தார். கொள்ளு ரசம் குடித்துக் குடித்து குதிரையே பொறாமைப்பட்டது. முட்டைக்கோஸ் சூப்பில் 15 நாள் இருந்தார். அரிசியைத் தொடாமல் ஒன்றரை வருஷம் வெறும் முட்டை, பனீர், பாதாம் என்று இருந்து 22 கிலோ குறைத்தார். தெருவே பாராட்டியது. அடுத்த இரண்டு வருஷத்தில் 27 கிலோ திரும்பி வந்தது. அவர் வாழ்நாளில் குறைத்த எடையை எல்லாம் கூட்டினால் 100 கிலோ தாண்டும். என்ன, திரும்பி வந்ததைக் கூட்டினால் 140!

இது ஏன் நடக்கிறது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு டி.வி. ஷோ விடை சொல்லியது. குண்டானவர்களைக் கூட்டி வந்து, போட்டி வைத்து, ஓட ஓட விரட்டி இளைக்க வைப்பார்கள். 'தி பிக்கஸ்ட் லூஸர்' என்று பெயர். அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். குறைத்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. அது கூடப் பரவாயில்லை. சும்மா படுத்திருக்கும்போது உடம்பு எரிக்க வேண்டிய கலோரி இருக்கிறது பாருங்கள், அது அவர்கள் உடல்வாகுக்கு இருக்க வேண்டியதைவிட ஒரு நாளைக்குச் சுமார் 500 குறைவாக இருந்தது. ஆறு வருஷம் கழித்தும்! எடை குறைந்ததைப் பஞ்சம் வந்துவிட்டதாக எண்ணி உடம்பு கஜானாவைப் பூட்டிவிட்டது. பசியைத் தூண்டுகிற ஹார்மோன்களை வேறு கூட்டிவிடுகிறது. உங்களோடு உங்கள் உடம்பே இப்படி மல்லுக்கு நிற்கும்போது, 'வாயைக் கட்டு' என்று பக்கத்தில் நின்று விசில் அடிப்பது எவ்வளவு சுலபம்!

பேரியாட்ரிக் சர்ஜரி என்றால் கொழுப்பைக் குழாய் போட்டு உறிஞ்சி எடுப்பது என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது லைப்போசக்‌ஷன். அழகுக் கலை. இது வேறு. 'ஸ்லீவ்' என்கிற முறையில் இரைப்பையை நெடுக்காக வெட்டி, முக்கால் பாகத்துக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. 'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேல் பக்கம் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலில் கொஞ்சம் கீழே கொண்டுபோய் இணைக்கிறார்கள். 1960-களில் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்கிற சர்ஜன் தொடங்கி வைத்தது. இது வெறும் பிளம்பிங் வேலை இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. பசி ஹார்மோன், இன்சுலின் எல்லாவற்றின் போக்கும் மாறுகிறது. பைபாஸ் செய்துகொண்ட பலருக்கு எடை இறங்குவதற்கு முன்பே, சில நாட்களிலேயே, சர்க்கரை இறங்கத் தொடங்கிவிடுகிறது.

அப்படியானால் குறுக்கு வழிதானே என்பீர்கள். ஹார்ட் அடைத்தால் பைபாஸ் செய்கிறோமே, அதை யாராவது குறுக்கு வழி என்கிறோமா? 'எண்ணெய்ப் பலகாரம் தின்னவன்தானே, நடந்தே சரி பண்ணட்டும்' என்று ஐ.சி.யூ. வாசலில் நின்று சொல்கிறோமா? நெஞ்சுக்கு ஒரு நியாயம், வயிற்றுக்கு ஒரு நியாயம்.

சரி, இதைக் கேட்டுவிட்டு 'ஆகா, கத்தி வாழ்க!' என்று எதிர்க் கோஷ்டிக்குத் தாவிவிடாதீர்கள். உண்மையில் எனக்குக் கோபம் அதிகம் அவர்கள் மேல்தான்.

அத்தான் கத்தரித்து வைத்திருந்த விளம்பரத்தை வாங்கிப் பார்த்தேன். இடது பக்கம் அழுமூஞ்சியாக ஒரு பெண், தொளதொள நைட்டி. வலது பக்கம் அதே பெண், ஜீன்ஸ், பல்லெல்லாம் தெரிகிறது. முன், பின். கீழே 'சுலபத் தவணை வசதி உண்டு'. ஃபிரிட்ஜ் வாங்குகிற மாதிரி! அந்த 'பின்' படம் எத்தனையாவது மாதம் எடுத்தது? எந்த விளம்பரத்திலும் ஐந்தாவது வருஷப் படம் இருக்காது. கவனித்துப் பாருங்கள்.

அதில் இருந்த நம்பருக்கு நானே போன் செய்தேன். தாய்மாமன் என்று சொல்லி, வயது, உயரம், எடை எல்லாம் கொடுத்தேன். எதிர்முனையில் இருந்த பெண் கணக்குப் போட்டுவிட்டு, தேன் ஒழுகும் குரலில் சொன்னாள்: "பி.எம்.ஐ. 27.2 வருது சார். 27.5-ல இருந்து பண்ணலாம். கிட்டத்தட்ட வந்துட்டாங்க!"

கிட்டத்தட்ட வந்துவிட்டாளாம். பரீட்சையில் பாஸ் மார்க் மாதிரி. இன்னும் முக்கால் கிலோ ஏறினால் வயிற்றை வெட்டத் தகுதி பெற்றுவிடுவாள். ஒரு வாரம் அல்வா வாங்கிக் கொடுத்துக் கூட்டி வரட்டுமா என்று கேட்டேன். "வாங்க சார், டாக்டர் பார்த்துட்டுச் சொல்வாங்க" என்றாள், கொஞ்சமும் சிரிக்காமல்.

அந்த 27.5 கற்பனை இல்லை. 2022-ல் இரண்டு சர்ஜன்கள் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. பி.எம்.ஐ. 35-க்கு மேல் என்றால் வேறு நோய் இல்லாவிட்டாலும் செய்யலாம். 30-லிருந்து 35-க்குள் என்றால் சர்க்கரை மாதிரி நோய் இருந்தால் யோசிக்கலாம். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் வந்துவிடுவதால் அளவுகோலை இறக்கி, 27.5-லிருந்து. வழிகாட்டுதல் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது, நிஜம். ஆனால் கதவு திறந்திருக்கிறது என்பதற்காகத் தெருவில் போகிறவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுப்பதா? இந்த பி.எம்.ஐ. கணக்கே 1830-களில் கெட்டலே என்கிற பெல்ஜியம் நாட்டுப் புள்ளியியல்காரர் போட்ட வாய்ப்பாட்டில் பிறந்தது. மனுஷக் கூட்டத்தின் சராசரியைப் பார்க்க அவர் செய்தது. ஒரு தனிப் பெண்ணின் கல்யாணத்தைத் தீர்மானிக்க இல்லை.

வாழ்க்கையில் முதல் முறையாக நான் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் பக்கம் நின்று பேசப் போகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 2019-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த விதிப்படி, எடை ஆபரேஷனுக்கு க்ளெய்ம் வேண்டுமானால் 18 வயது ஆகியிருக்க வேண்டும், டாக்டர் பரிந்துரை வேண்டும், பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும். அல்லது 35 இருந்து, மற்ற வழிகள் பலிக்காமல் போய், இதய நோயோ, கடுமையான ஸ்லீப் ஆப்னியாவோ, கட்டுக்கடங்காத சர்க்கரையோ இருக்க வேண்டும். என் அண்ணனின் பி.எம்.ஐ. 44-க்கு ஒரு சின்னப் புள்ளிதான் குறைவு. அவருக்குக் கிடைக்கும். என் அக்கா மகளுக்குக் கிடைக்காது. எங்கள் குடும்ப பெஞ்சைவிட இன்ஷூரன்ஸ்காரனுக்கு நியாயம் தெரிந்திருக்கிறது பாருங்கள்!

அத்தானிடம் நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷம் வரைக்கும் கர்ப்பம் தரிக்கக் கூடாது என்று சொல்வார்கள். சத்துக் குறைவில் தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது. கல்யாணம் முடிந்து மூன்றாவது மாதம் சம்பந்தியம்மா 'விசேஷம் உண்டா?' என்று கேட்பாங்களே, என்ன பதில் சொல்வீங்க?"

அத்தான் பேப்பரை மடித்தார்.

அந்த 'பின்' படத்துக்குப் பின்னால் இருப்பதெல்லாம் இந்த மாதிரிதான். ஆயுள் முழுக்க பி12, இரும்பு, கால்சியம். மறந்தால் ரத்த சோகை, கை கால் மரத்துப் போவது. கொத்துக் கொத்தாக முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப வளரும் என்றாலும், அந்த ஆறு மாதம் சீப்பைப் பார்க்கவே பயமாக இருக்கும். வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல். ஸ்லீவ் செய்தவர்களில் சிலருக்கு நெஞ்செரிச்சல் நிரந்தர விருந்தாளி. பைபாஸ் செய்தவர் ஒரு ஜிலேபியை முழுசாகத் தின்றால் வியர்த்து, படபடத்து, பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கும். சாராயம் வேகமாக ரத்தத்தில் ஏறும். இரண்டாவது வருஷத்துக்கு மேல் குடிக்கு அடிமையாகிறவர்கள் கூடுகிறார்கள் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று எச்சரித்தது. மனச் சோர்வும், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதும் சிலரிடம் கூடுகிறது. இத்தனை வருஷம் சாப்பாட்டில் ஆறுதல் தேடிய மனசுக்கு அந்தக் கதவை மூடிவிட்டால் அது எங்கேதான் போகும்?

உயிருக்கு ஆபத்து? 2009-ல் அமெரிக்காவில் 4,776 பேரைக் கணக்கெடுத்தபோது 30 நாளுக்குள் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர். பிறகு வந்த கணக்குகளில் இன்னும் குறைவு. ஆனால் அதெல்லாம் அனுபவமுள்ள மையங்களின் கணக்கு. 2024-ல் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு இந்த ஆபரேஷனுக்காகப் போன இளைஞர் ஒருவர் பிணமாகத்தான் திரும்பினார். அரசு விசாரணை வைத்தது, மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. ஆயிரத்தில் மூன்று என்கிற கணக்கு அந்தப் பெற்றோருக்கு என்ன ஆறுதல்?

பலன் பக்கம் இருக்கிற உண்மையையும் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி, ஆபரேஷன் செய்துகொண்ட 2,000 பேரையும், அதே போன்ற, செய்துகொள்ளாத 2,000 பேரையும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2020-ல் வந்த கணக்குப்படி செய்துகொண்டவர்கள் மூன்று வருஷம் கூடுதலாக வாழ்கிறார்கள். அப்போதும் சராசரி ஜனங்களைவிட ஐந்தரை வருஷம் குறைவுதான். க்ளீவ்லாண்டில் 150 சர்க்கரை நோயாளிகளை வைத்துச் செய்த சோதனையில் ஐந்து வருஷம் கழித்து சர்க்கரையை நல்ல கட்டுப்பாட்டுக்குள் வைத்திருந்தவர்கள்: மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவிகிதம், ஸ்லீவ் செய்தவர்களில் 23, பைபாஸ் செய்தவர்களில் 29. ஐந்துக்கும் இருபத்தொன்பதுக்கும் உள்ள தூரம் பெரிசு. அதே சமயம் மீதி 71 பேர் அந்த இலக்கைத் தொடவில்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. விளம்பரத்தில் முதல் பாதி மட்டும் வரும். பெரியம்மாவுக்கு இரண்டாவது பாதி மட்டும் கேட்கும்.

'அதான் ஊசி வந்துருச்சே?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. செமாக்ளுடைட், டிர்செபடைட். எடைக்கென்றே 2025-ல் இந்தியாவுக்கு வந்து இறங்கின. நல்ல மருந்துகள்தான். செமாக்ளுடைட்டின் முக்கியமான சோதனையில் 68 வாரத்தில் சராசரியாகக் கிட்டத்தட்ட 15 சதவிகிதம் எடை குறைந்தது. நிறுத்திய ஒரு வருஷத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ஆக, அதுவும் ஆயுள் சந்தா. அண்ணன் நாலு மாதம் போட்டுப் பார்த்தார். 7 கிலோ இறங்கியது. வாந்தியும் பில்லும் தாங்காமல் நிறுத்தினார். எல்லாருக்கும் அப்படி ஆகாது. உங்களுக்கு ஒத்துக்கொண்டால் கத்தியே வேண்டாமல் போகலாம். டாக்டரைக் கேளுங்கள், பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள்.

2005-ல் மரடோனா கொலம்பியாவுக்குப் போய் இந்த ஆபரேஷன் செய்துகொண்டார். 2011-ல் நிதின் கட்கரி, 2014-ல் அருண் ஜெட்லி. பத்திரிகைகள் பவ்யமாக 'சிகிச்சை' என்று எழுதின. ஒரு நடிகை கொஞ்சம் இளைத்து வந்தால் மட்டும் 'கத்தி வைத்தாரா?' என்று கிசுகிசு. பத்திரிகைகளைச் சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதினேன். அண்ணன் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து அது உடைந்த கதை. ஏகப்பட்ட பாராட்டுக் கடிதங்கள். அண்ணனே விழுந்து விழுந்து சிரித்தார். அன்று ராத்திரி அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார் என்று மதினி என்னிடம் சொன்னது போன மாதம்தான்.

அக்கா மகள் கேஸ் முடிந்துவிட்டது. இத்தனை பஞ்சாயத்திலும் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது எனக்கே கடைசியில்தான் உறைத்தது. கேட்டேன். "எனக்கு என்ன வியாதின்னு மாமா ஆபரேஷன்? அவருக்குத்தான் கண்ணுல ஏதோ கோளாறு போல" என்றாள். மாப்பிள்ளை வீட்டுக்கு அத்தானே போன் செய்து சொல்லிவிட்டார், ஜாதகம் சரியில்லை என்று. உண்மையைச் சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை. போகட்டும். பி.எம்.ஐ. 25 தாண்டினால் இந்தியக் கணக்கில் உடல் பருமன்தான். எங்கள் பரம்பரைக்கே சர்க்கரை இருப்பதால் அவள் எண்ணெயைக் குறைக்க வேண்டும், ஷட்டிலை விடக் கூடாது. அதை அவளே சொல்கிறாள்.

அண்ணனோடு இரண்டு சர்ஜன்களைப் பார்த்தேன். முதலாமவரிடம், 'வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க, லீக் ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு யார் பார்ப்பாங்க, இங்கே ஐ.சி.யூ. இருக்கா, ஐந்து வருஷம் கழித்து உங்க பேஷண்ட்ஸ் எப்படி இருக்காங்க' என்று கேட்டேன். "இன்டர்நெட்ல படிச்சுட்டு வந்தீங்களா?" என்றார். எழுந்து வந்துவிட்டோம். நீங்களும் எழுந்து வந்துவிடுங்கள், கன்சல்டிங் ஃபீஸ் போனால் போகட்டும். இரண்டாமவர் ஒரு பேப்பரை எடுத்து வயிற்றைப் படம் போட்டுக் காட்டினார். அவரிடம் ஆன மோசமான இரண்டு கேஸ்களை அவராகவே சொன்னார். தூக்கப் பரிசோதனை, மனநல டாக்டர், டயட்டீஷியன் எல்லாரையும் பார்த்த பிறகுதான் தேதி என்றார். அவசரமே காட்டவில்லை.

அண்ணன் அதுவரை வாயைத் திறக்கவில்லை. கடைசியில் கேட்டார்: "டாக்டர், பேரன ஸ்கூட்டர்ல முன்னாடி நிறுத்தி ஓட்ட முடியுமா?"

முன்னால் இடம் இல்லை. வயிறு ஹேண்டில்பாரைத் தொடுகிறது. பையன் பின்னால் பாட்டி மடியில்தான்.

டாக்டர் சிரிக்கவில்லை. பேரனுக்கு என்ன வயது என்று கேட்டார். நாலு ஆகப் போகிறது என்றார் அண்ணன். "எட்டு மாசம், பத்து மாசம் ஆகும் சார். அதுக்குள்ள அவன் உயரமாயிடுவான். ஹெல்மெட் வாங்கிக் கொடுத்துப் பின்னால உட்கார வச்சுக்குங்க. ஆனா நீங்க தூங்காம ஓட்டுவீங்க."

தை பிறந்ததும் தேதி குறித்திருக்கிறது. அதற்கு முன் இரண்டு வாரம் வெறும் திரவ ஆகாரம். பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கிடையாது. மதினி இன்னும் என்னோடு பேசவில்லை.